பதில் எழுத வேண்டியவை

இது கதை இல்லை. கதை கட்டத் தெரிந்திருந்தால் அமாவாசை ராத்திரியில் புளியமரத்தில் பேயை ஏற்றியிருப்பேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஜூன் மாதம், வெயில் கண்ணைக் குத்தும் நேரம், பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தேதியும் நேரமும் போட்டே எழுதுகிறேன். இந்த முறை பெயரும் போடுகிறேன்.

என் பெயர் ஸ்டான்லி. 2003-இல் செங்கல்பட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளனாக இருந்தேன். பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தர ஆணை முதல்வர் மேசைக்கு வந்துவிட்டதாகப் பேச்சு. அந்த நேரத்தில்தான் நூலகர் சியாமளா மேடம் கூப்பிட்டார்.

“ஸ்டான்லி, பார்த்தசாரதி சாரோட பேப்பர்ஸ் எல்லாத்தையும் அவர் வொய்ஃப் நமக்கே தர்றாங்களாம். லெட்டர் வந்திருக்கு. நீங்க போய் லிஸ்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. ஒரு தாள் விடாம நான் படிச்சாகணும்.”

ஒரு தாள் விடாமல். அது மட்டும் நடக்கக் கூடாது.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்த்தசாரதி சார் எங்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் தத்துவம் நடத்தியவர். 1996-இல் துறை நூலகத்தில் இரண்டு பழைய புத்தகங்கள் காணாமல் போயின. சாவி என்னிடம் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில், அவற்றைச் சார்தான் எடுத்துப்போய் விற்றுவிட்டார் என்று நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டேன். இடது கையால் எழுதினேன். மதுராந்தகம் வரைக்கும் போய்த் தபாலில் சேர்த்தேன்.

இவ்வளவும் யோசித்தவன் ஒன்றில் கோட்டை விட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா, கடிதத்தின் வலது மூலையில் இடமும் தேதியும் இல்லாவிட்டால் முட்டியைப் பெயர்த்துவிடுவார். நான் அதோடு நேரத்தையும் சேர்த்துப் போடுகிறவன். புத்தகம் திருப்பித் தராதவர்களுக்கு நான் எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கும். கல்லூரியில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. மொட்டைக் கடிதாசியிலும் கை தானாகப் போட்டுவிட்டது. ‘செங்கல்பட்டு, 14.9.1996, மாலை 4.10.’ தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது.

நிர்வாகத்தில் யாரும் கவனிக்கவில்லை. என் கடிதத்தையும் இணைத்துச் சாருக்கு மெமோ போனது. விசாரணை, துறைத் தலைவர் பதவி பறிப்பு. மறு வருடம் ஒரு பூமாலைகூட இல்லாமல் ஓய்வு பெற்றுத் திருவிடந்தை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன இரண்டாவது மாதம் வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினோம். பின்னால், சுவரோரம், இரண்டு புத்தகங்களும் விழுந்து கிடந்தன. என் கண்ணில்தான் முதலில் பட்டன. துடைத்து அடுக்கில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. 2001-இல் சார் இறந்தார். அப்போதும் திறக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதம் அவர் தாள்களுக்குள் எங்கோ இருக்கிறது. சியாமளா மேடத்துக்கு மூலையைப் பார்த்தாலே போதும். அவர் படிப்பதற்கு முன்னால் நான் அதை எடுத்தாக வேண்டும்.

10.6.2003, செவ்வாய். மாமல்லபுரம் போய் அங்கிருந்து வேறு பஸ் மாறித் திருவிடந்தையில் இறங்கியபோது பத்தரை. சாரின் மனைவி ஞானம்பாள் அம்மா கதவைத் திறந்தார்.

“வாங்கோ ஸ்டான்லி. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அவர் போனப்புறம் யாரும் ஏறவும் இல்லை. நீங்களே பாத்து எடுத்துக்கோங்கோ.”

படியேறும்போதுதான் யோசித்தேன். என் பெயரை நான் இன்னும் சொல்லவே இல்லையே.

மாடி அறை ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். உப்புக் காற்றில் குண்டூசிகள் எல்லாம் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கியிருந்தது. மேசை மேல் இருந்த மசிப் புட்டியில் மசி காய்ந்து வெறும் பொருக்கு. ஆனால் சார் வைத்திருந்த ஒழுங்கு கலையவில்லை. வகுப்புக் குறிப்புகள் வருடவாரியாக இருந்தன. எழுதிக்கொண்டிருந்த புத்தகம் தனிக் கட்டு. ஒரு சாட்சி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பற்றி இருபது வருடமாக எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் தேதி 1996 செப்டம்பர். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. சட்டென்று மூடி வைத்தேன்.

வந்த கடிதங்களுக்கு ஒரு தடித்த பதிவேடு. வரிசை எண், தேதி, அனுப்பியவர், பதில் போட்ட தேதி. பதில் ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் கோப்பில் இருந்தது. மாணவன் எழுதிய தபால் அட்டைக்குக்கூடப் பதில் போட்டிருக்கிறார். நான்காயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒரே ஒரு வரியில்தான் ஓட்டை. எண் 4117. தேதி 1996 அக்டோபர். அனுப்பியவர், காலி. பதில், காலி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்... கிறீச்...

முள் பேனா தாளில் ஓடுகிற சத்தம். கைக்கடிகாரத்தில் 2.40. சவுக்குக் கிளை ஜன்னலில் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். 2.55-க்கு நின்றுவிட்டது.

புதன், அதே 2.40. கிறீச்... எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கும் முதல் மரத்துக்கும் இருபதடி தூரம். கீழே இறங்கினேன்.

“அம்மா, மேல எலி இருக்கா?”

“எலியா? கெடையாதே. ரெண்டு நாப்பதுக்கு அவர் பதில் எழுத உக்காருவார். அந்த நேரத்துல நான்கூட மேல போகமாட்டேன்.”

நான் நேரத்தைச் சொல்லவில்லை.

வியாழன். தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். நாற்காலியைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் ஆறு கோப்புகளை அடுக்கியிருந்தேன். கை கழுவிவிட்டு வந்தேன். கோப்புகள் தரையில், வருட வரிசைப்படி. நாற்காலி மேசையருகே.

வெள்ளி. மசிப் புட்டியைத் திறந்து சுட்டுவிரலை விட்டேன். விரல் நீலமாக வந்தது.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தேன். சோறு இறங்கவில்லை. திரும்பிப் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் நாற்பது கோப்பு பார்த்தாயிற்று, கடிதம் கிடைக்கவில்லை. வேறு யாராவது போய் எடுத்துவிட்டால்?

16.6.2003, திங்கள். மேசை இழுப்பறை மட்டும்தான் பாக்கி. மூன்று மணிக்கு வண்டி கொண்டுவரும்படி மச்சான் மோசஸிடம் சொல்லியிருந்தேன். 2.15-க்குக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல நின்றது. இழுப்பறையைத் திறந்தேன்.

ஒரே ஒரு கோப்பு. மேலே சாரின் கையெழுத்தில்: ‘பதில் எழுத வேண்டியவை.’

உள்ளே என் கடிதம்.

மூலையில் ‘மாலை 4.10’-ஐச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணில் பட்ட அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் துருப்பிடிக்காத குண்டூசி அது ஒன்றுதான். புத்தம் புதிதாக மின்னியது. பிடுங்கி, கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அடியில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு கார்பன், இன்னொரு வெள்ளைத் தாள். பட்டியலில் எழுதினேன்: ‘கோப்பு 41. காலி.’

மணி 2.40.

கிறீச்...

மேசையிலிருந்து.

வெள்ளைத் தாளின் வலது மூலையில் ஈரமாக ஒரு கோடு ஓடியது. பேனா இல்லை. கை இல்லை. தாள் மட்டும் லேசாக அழுந்தியது.

திருவிடந்தை.

16.6.2003.

பிற்பகல் 2.40.

கிறீச்... கிறீச்...

அன்புள்ள

நின்றது. அலைச் சத்தமும் நின்றது. என் மூச்சு மட்டும்...

என் சட்டைப் பைமேல் கனமாக ஏதோ அமர்ந்தது. யாரோ உள்ளங்கையை வைத்ததுபோல.

கிறீச்.

ஸ்டான்லி,

கோப்பை அறைந்து மூடினேன். பெட்டிக்குள் எறிந்தேன். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

வாசலில் மோசஸ் பீடியை அணைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா மச்சான், சுண்ணாம்பு அட்ச்சாமேரி கீற?”

“வெயில்டா.”

“வெயில்ல அவனவன் கறுத்துப் பூடுறான். நீ வெளுத்துகினு வர்ற!”

சிரித்துக்கொண்டே மேலே போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினான். நான் ஏறவில்லை. கடைசிப் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

“மேல குந்திகினு எழுதிகினு கீறாரே ஒரு பெர்சு, யாரு மச்சான்? இத்தினி பொட்டி தூக்கினேன், தலையக்கூட நிமித்தல.”

வண்டியை எடுக்கச் சொன்னேன். மாமல்லபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினான். கடைக்குப் பின்னால் போய் என் கடிதத்தைக் கொளுத்தினேன். சாம்பலைச் செருப்பால் தேய்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

23.6.2003, திங்கள், காலை 11.20. சியாமளா மேடம் கூப்பிட்டார்.

“கோப்பு நாப்பத்தொண்ணு காலின்னு போட்டிருக்கீங்க. உள்ள கார்பன் காப்பி இருக்கே. அதுவும் உங்க பேருக்கு!”

நீட்டினார். மேல் தாள் இல்லை. நகல் மட்டும்.

‘அன்புள்ள ஸ்டான்லி, 14.9.1996, மாலை 4.10 மணிக்கு எழுதிய தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாயிற்று, பொறுத்துக்கொள்க. அலமாரிக்குப் பின்னால் கிடந்தவற்றைத் தாங்கள் துடைத்து வைத்ததும் தெரியும். தங்கள் பதிலை எதிர்நோக்கும், பார்த்தசாரதி.’

“போன வாரத் தேதி போட்டிருக்காரு பாருங்க. வயசாயிட்டா தேதி குழம்பிடும்போல,” என்றார் மேடம். “ஆமா, எதைத் துடைச்சு வச்சீங்க?”

“தெரியல மேடம்.”

அன்றிலிருந்து தினமும் நூலகத்தில் 2.40-க்கு அந்தச் சத்தம். என் மேசைக்கு அடியிலிருந்து. எனக்கு மட்டும்.

4.7.2003, வெள்ளி. முதல்வர் அறையில் நிரந்தர ஆணையைக் கையில் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடக் குனிந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 2.40.

கிறீச்...

பேனாவைக் கீழே வைத்தேன். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுத்தில் கேட்டார்கள், இடம், தேதி, நேரம், பெயரோடு எழுதிக் கொடுத்தேன். இன்று மறைமலைநகரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சரக்கு இறக்கி வைக்கிறேன். சத்தம் அன்றோடு நின்றது.

ஒருவர் மட்டும் பாக்கி. 6.7.2003, ஞாயிறு, ஆராதனை முடிந்து நேராகத் திருவிடந்தைக்குப் போனேன். ஞானம்பாள் அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, சார் பேர்ல மொட்டைக் கடிதாசி போட்டது நான்தான்.”

கை நிற்கவில்லை. ஒரு காம்பைக் கிள்ளினார். இன்னொன்றையும் கிள்ளினார்.

“தெரியும். சொல்லிடுங்கோன்னு அவரைத் தலைபாடா அடிச்சுண்டேன். ‘பேர் போடாதவனுக்கு நான் எப்படிப் பதில் எழுதறது? முதல்ல பேரைப் போடட்டும்’னார். ஆறு வருஷம் கழிச்சுப் போட்டேளே, அதனாலதான் உங்களை வீட்டுக்குள்ள விட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. “எங்க போட்டேன்? நீங்க காலேஜுக்கு எழுதினீங்க, அவங்க என்னை அனுப்பினாங்க.”

“நான் எழுதலையே! லிஸ்ட் போட வரேன்னு நீங்கதானே எனக்கு எழுதினேள், மே மாசம்?”

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து வந்தார்.

மதுராந்தகம் தபால் முத்திரை. வலது மூலையில் ‘செங்கல்பட்டு, 19.5.2003, பிற்பகல் 2.40.’ எழுத்து என் இடது கை எழுத்து. அடியில், தெளிவாக, ‘ஸ்டான்லி.’

முப்பத்தாறு வயது வரை எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். இது பொய் இல்லை. அந்த அட்டையை நான் எழுதவில்லை.