ஆறே முக்கால் இஞ்ச் திரை

சாலைக் கடைத்தெருவில் நான் போன் விற்கிற கடைக்கு அவர் வந்தார். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர், சங்கரன்கோவில் பக்கம். விரலெல்லாம் துரு. "விலை கம்மியா, பெரிய திரையா ஒண்ணு குடு தம்பி" என்றார்.

கேமரா, பேட்டரி எதையும் கேட்கவில்லை. எஞ்சினியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடத்தை ஒவ்வொரு போனிலும் திறக்கச் சொன்னார். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். "கம்பிக்குக் கம்பி நூத்தி எண்பது."

அதில் இருந்தது நூற்றைம்பது மில்லிமீட்டர் இடைவெளி. ஆறே முக்கால் இஞ்ச் திரையில் பெரிதாக்கிக் காட்டியும் நூற்றெண்பது என்றுதான் வாசித்தார்.

"அண்ணாச்சி, அது நூத்தம்பது. போன் நல்லாத்தான் இருக்கு. போய்க் கண்ணைக் காட்டுங்க."

"காட்டியாச்சு. புரையாம். ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு மாசம் சாரத்துல ஏறக் கூடாதாம். அதுக்குள்ள காண்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுருவான். நீ பில்லைப் போடுடே."

போட்டேன். அந்த மாதம் எனக்கு விற்பனை டார்கெட் இன்னும் எட்டவில்லை. கம்பி இடைவெளி கூடினால் மேல்தளம் என்ன ஆகும் என்று தெரிந்தும் போட்டேன். எந்தக் கட்டடம் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது இந்த ஊரில் எந்தப் புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன்.