ரயில் வெளிச்சமாக வந்தது

மகளின் வகுப்பு ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தது நவம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அதுவரை வீட்டுப் பாடங்கள் ஒழுங்காகப் போகின்றன என்றே நம்பியிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், ஜூனில் வரும் அந்த ஊர்க் குளிர்காலத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து லிட்கம் என்ற புறநகரில் குடியேறினோம். ஒன்பது வயது மகள் நான்காம் வகுப்பில் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தாள். பிறகு ஓகஸ்டில் வாதக் காய்ச்சல் வந்து முழங்கால்கள் வீங்கின. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, வருடம் முடியும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். ஊரில் நான் கணிதம் படிப்பித்தவள். ஆகவே அதிகம் கலங்கவில்லை. பள்ளிக்கூடம் கிழமைதோறும் தாள்களைக் கொடுத்தனுப்பியது. காலையில் கணக்கு, பிறகு வாசிப்பு, இளைப்பாறியபின் சொல்வதெழுதல் என்று நேரசூசி எழுதி அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்.

தலைமை ஆசிரியர் ஒன்று சொல்லியிருந்தார். வருடத்தின் கடைசிக் கிழமையில் அவள் ஒரு நாள் காலை வந்து கணக்கு, வாசிப்பு, சொல்வதெழுதல் மூன்றும் செய்யவேண்டும். திருப்தியாக இருந்தால் தன் வகுப்போடு ஐந்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் மறுபடியும் நான்கு. மகளுக்கு இது தெரியும். "சின்னப் பிள்ளையளோட நான் இருக்கமாட்டன்" என்று மருந்து குடிக்கும்போதுகூடச் சொல்லுவாள்.

ஆசிரியை கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்து கணக்குகளைப் பார்த்தார், மெச்சினார். பிறகு, மழை நாளில் ரயில் தாமதமாக வந்தது பற்றி ஆங்கிலத்தில் சில வரிகள் வாசிக்க, மகள் தயங்காமல் எழுதினாள். தாளை வாங்கிப் பார்த்தேன். ரயில் தாமதமாக வரவில்லை, வெளிச்சமாக வந்திருந்தது. 'லேற்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'லைற்', அதுவும் ஓரெழுத்துப் பிழையில்லாமல். மழை 'ரெயின்' அல்ல, 'ரைன்'.

அவள் காதில் விழுந்ததைத்தான் எழுதினாள். ஆசிரியையின் அவுஸ்திரேலிய வாயில் 'ஏ' எல்லாம் 'ஐ' போலத்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக என் மகள் கேட்ட ஆங்கிலம் என்னுடையது மட்டுமே. கிழமைதோறும் அவள் எடுத்த முழுப் புள்ளிகள் என் குரலுக்கு எடுத்த புள்ளிகள்.

வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

"இஞ்சரும், நீர் படிப்பிச்ச பிள்ளை உம்மட்டைத்தான் பாஸ் போல."

"பகிடி விடாதேங்கோ. மூண்டு கிழமைதான் கிடக்கு."

"அப்ப பக்கத்து வீட்டு அன்ரியைக் கேளுமன். அவவுக்கு வாய் ஓயிறதில்லையே."

அது பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலை நேரசூசியைக் கழற்றினேன். சமூகக் கல்வியை விட்டேன், கணக்கைப் பாதியாக்கினேன். மீந்த நேரம் முழுவதையும் சொல்வதெழுதலுக்கு ஒதுக்கிவிட்டு வேலியடிக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கணவரை இழந்து தனியே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி. தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பதினாலு வயசில பள்ளிக்கூடத்தை விட்டவள், லவ்" என்றார்; எல்லாரையும் 'லவ்' என்றுதான் அழைப்பார். "எனக்கே எழுத்துக்கூட்ட வராது."

"நீங்கள் எழுதத் தேவையில்லை. வாசிச்சால் போதும்."

நான் கொடுத்த பாடப்புத்தகத்தை அவர் ஒரு பக்கத்தோடு மூடிவிட்டார். அடுத்த நாள் தன் வீட்டுப் பத்திரிகையோடு வந்தார். குதிரைப் பந்தயப் பக்கம். வாசிப்பார், இடையில் நிறுத்தித் தன் கருத்தையும் சொல்லுவார். மகள் எது பத்திரிகை, எது கருத்து என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு தாளில், மூன்றாம் பந்தயத்துக் குதிரையின் எடைக்கு அடுத்ததாக, 'இதைவிட என்ரை செத்துப்போன மனிசன் கெதியாய் ஓடுவார்' என்ற வசனமும் ஆங்கிலத்தில் அப்படியே இருந்தது. திருத்தத் தொடங்கிப் பேனாவை வைத்துவிட்டேன். அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை.

வழியை அவளே கண்டுபிடித்தாள். நேரசூசி இருந்த இடத்தில் ஒரு தாளை ஒட்டி இரண்டு நிரலாகப் பிரித்து, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஒன்றில் 'அம்மா', மற்றதில் 'அன்ரி'. டேபிளுக்கு எதிரே டைபிள். பேப்பருக்கு எதிரே பைப்பர்.

"இது என்ன?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நீங்கள் கதைக்கிறது" என்றாள் மகள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்தார். "என்ரை குரல் இவ்வளவு வடிவோ!" என்றார்.

சோதனை ஒரு வியாழக்கிழமை காலை. வெயில் ஏறுமுன் இருவரும் மெல்ல நடந்து போனோம். வகுப்பு ஆசிரியை வருட முடிவுக் கலைவிழா ஒத்திகையில் இருந்தார். பதிலாக, துணைத் தலைமை ஆசிரியர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கணக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சொல்வதெழுதல்தான் கவலை.

கதவு திறந்தபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்ன? பிழைச்சுப் போச்சோ?"

"அம்மா, அந்த சேர் உங்களை மாதிரிக் கதைக்கிறார்!"

அவர் ஸ்கொட்லாந்துக்காரராம். 'ஏ'யை 'ஏ' என்றேதான் சொல்லுகிறார். 'ர'வை என்னைவிட அழுத்துகிறார். முதல் வரியில் தடுமாறினேன், பிறகு அம்மா நிரலுக்கு மாறிவிட்டேன் என்றாள் மகள். அவர் தாளோடு வெளியே வந்து, பெப்ரவரியில் ஐந்தாம் வகுப்பில் சந்திப்போம் என்று அவளுக்குக் கை கொடுத்தார். நான் எழுந்து அவருக்கு நன்றி சொன்னேன்.

வேலியடியில் செய்தி சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"அப்ப நான் மூண்டு கிழமை சும்மாவே கத்தினனான்?"

மகள் முந்திக்கொண்டு சொன்னாள்: "இல்லை அன்ரி. வரேக்கை என்ரை வகுப்புப் பிள்ளையள் வாசல்ல நிண்டு கதைச்சவை. எல்லாரும் உங்களை மாதிரித்தான். எனக்கு எல்லாம் விளங்கினது. ஒருத்தி பகிடி விட்டவள், நானும் சிரிச்சனான்."

காய்ச்சலுக்கு முன் அந்த ஆறு கிழமையும், பிள்ளைகள் என்ன கதைத்தார்கள் என்று கேட்டால் அவள் தோளைக் குலுக்குவாள். கூச்சம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம், ஓகஸ்டுக்குப் பிறகு முதன்முறையாக, பகலில் படுத்துத் தூங்கினேன். விழித்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதிரைகளின் பெயர்கள் கேட்டன. இப்போது வாசித்துக்கொண்டிருந்தது மகள். ஒவ்வொரு 'ஏ'யும் 'ஐ'யாக வந்தது. எழுந்துபோய்த் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை.