திரும்பி வந்த ரவை

துப்பாக்கி ரவை திரும்பி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நான் சுட்டேன், அக்கா பக்கத்தில் நின்றாள், அவள் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "முன்னாடியிருந்து சொல்லு" என்றார். முன்னாலிருந்து என்றால் எலியிலிருந்து சொல்ல வேண்டும்.

மாதனூர் பக்கம் அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மாமா இறந்த பிறகு அவளே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் சோறு போடுவது நிலம் இல்லை. காலையில் கம்பெனி பஸ் வரும், ஆம்பூருக்குப் போவாள், சாயங்காலம் அதே பஸ்ஸில் இறங்குவாள். ஷூ கம்பெனியில் தோல் பார்க்கும் வேலை. மேஜைமேல் பளிச்சென்று விளக்கு எரியும். ஒவ்வொரு தோலாக விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், நரம்புக் கோடு எது இருந்தாலும் வெள்ளி மையால் வட்டம் போட வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தை விட்டு வெட்டுவார்கள். ஒரு தழும்பைத் தவறவிட்டால் அது ஷூவின் மூக்கில் போய் உட்கார்ந்து, வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும். அக்கா தவறவிட்டது இல்லை. பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். அவள் போனில் படம் பார்க்க மாட்டாள். மிளகாய் இடிக்கும் மெஷின் பக்கம் போக மாட்டாள். "இந்தக் கண்ணு போனா என்னை கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க" என்று சொல்வாள். விளையாட்டாகச் சொல்வதில்லை, கணக்காகச் சொல்வாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனர், ஓசூரில் வார்ப்படப் பட்டறை, கேரளத்தில் பரோட்டாக் கடை, குடகில் காப்பித் தோட்டம் என்று எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. எங்காவது ஏதாவது கெட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். போன வருஷம் அப்படித்தான் ஒரு பையோடு அக்கா வீட்டில் வந்து இறங்கினேன். "சாப்டியா?" என்று கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நிலத்தை என்னிடம் விட்டாள்.

வேர்க்கடலை போட்டிருந்தோம். காய் பிடிக்கிற நேரத்தில் எலி இறங்கியது. வரப்பெல்லாம் பெருச்சாளி பறித்த வளை. காலையில் போனால் செடி நிற்கும், பிடித்து இழுத்தால் கையோடு வரும், அடியில் காய் இருக்காது. பொறி வைத்தோம். முதல் வாரம் விழுந்தன, பிறகு பொறியைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டன. மருந்து வைத்தோம். மூன்றாம் நாள் எங்கள் நாய் செத்துப்போயிருந்தது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "இனிமே இந்த நெலத்துல விஷம் கெடையாது" என்று மட்டும் சொன்னாள்.

ஏர்கன் யோசனை என்னுடையது. குடகில் தோட்டத்து முதலாளி வைத்திருந்தார். காற்றின் வேகத்தில் சின்ன ஈய ரவையைத் தள்ளும் துப்பாக்கி. எலி, பெருச்சாளி அளவுக்கு அது போதும். இதை நான்தான் சொன்னேன். போலீஸ்காரரிடமும் நான்தான் என்று சொன்னேன்.

அக்கா எதையும் பார்க்காமல் வாங்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போனோம். தூண்டிலும் வலையும் பரிசுக் கோப்பையும் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் வயதான பாய். மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"லைசென்ஸ் வேணுமா பாய்?" என்று கேட்டேன்.

"இந்தச் சின்னக் குழலுக்கு வேணாம். ஆதார் மட்டும் குடுங்க, எழுதி வெச்சுக்குவேன். பெரிய குழல் வேணும்னா லைசென்ஸ் கேப்பாங்க, பேஜாரு. எதுக்கு?"

"எலிக்கு."

"எலிக்கு மட்டும்தானே? மயிலு, முயலு பக்கம் திருப்புனா நேரா உள்ள போய்டுவ. எங்கிட்ட வாங்குனேன்னு சொல்லிடாத."

மூன்றில் ஒன்று லேசாக, பொம்மை மாதிரி இருந்தது. ஒன்றுக்குத் தனியாகக் காற்று அடிக்கிற பம்பு வேண்டும், நமக்குச் சரிப்படாது. இன்னொன்று குழலை நடுவில் மடக்கி, ரவை போட்டு, நிமிர்த்திச் சுடுவது. கனமாக இருந்தது. நான் தோளில் வைத்துப் பார்த்தேன், கன்னம் சரியாக உட்கார்ந்தது. இது போதும் என்றேன்.

அக்கா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டாள். கிட்டத்தில் பார்க்க அவளுக்குக் கண்ணாடி வேண்டாம். தோல் பார்க்கும்போதும் அப்படித்தான் செய்வாள். துப்பாக்கியின் மரக் கட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய், மெதுவாக உருட்டினாள்.

"பாய், இங்க விரிசல் வுட்டிருக்கு. மேல பாலிஷ் போட்டு மூடியிருக்கீங்க."

பாய் குனிந்து பார்த்தார். தெரியவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். "எம்மா, நாப்பது வருஷமா கடை நடத்தறேன். நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"தோல் பாக்கறேன்."

"அதான பாத்தேன்" என்றார்.

பிறகு அக்கா பையிலிருந்து வெட்டுத்தோல் துண்டுகளை எடுத்தாள். ஆட்டுத்தோல், பசுந்தோல், எருமைத்தோல். கூடவே தோலின் கனம் பார்க்கிற சின்ன கேஜ். "எலித்தோல் இந்த ஆட்டுத்தோல்ல பாதிகூட வராது. பெருச்சாளி கொஞ்சம் ஜாஸ்தி. இது எத்தனை எம்எம் வரைக்கும் போவும்?"

பாய் சிரித்துவிட்டார். "இது செருப்புக் கடை இல்லைம்மா. இருபது அடியில பெருச்சாளி வுழும். அது போதாதா?" ரவை டப்பாவைக் கட்டிக் கொடுக்கும்போது, "பின்னால மண்ணு இருக்கற எடத்துல சுடுங்க, சொவுத்துல சுடாதீங்க" என்றார். சுவர் பாழாகும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இங்கேதான் எங்கள் தவறு. வேறு ஊர்க்காரனாக இருந்தால் டப்பாவையோ பாட்டிலையோ வைத்துச் சுட்டுப் பார்த்திருப்பான். கம்பெனியில் ஒரு தோல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க மெஷினில் மாட்டிக் கிழியும்வரை இழுப்பார்கள். கிழிந்த இடத்தில் நம்பர் எழுதுவார்கள். நடுவில் நிறுத்தினால் அது சோதனை இல்லை. அக்காவின் கையில் இருபது வருஷமாக அந்தப் பழக்கம். எந்தப் பொருளை வாங்கினாலும் அது எங்கே தோற்கிறது என்று தெரிய வேண்டும் அவளுக்கு.

அன்றைக்கே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிலத்துக்குப் போனோம். மோட்டார் ரூம் சுவரில் ஆட்டுத்தோலை ஆணியில் மாட்டினாள். சுட்டேன். போனது. பசுந்தோல், போனது. எருமைத்தோல், போனது. ஒவ்வொரு தடவையும் கிட்ட போய், கண்ணாடியை ஏற்றி ஓட்டையைப் பார்த்து, அளவைச் சொல்லிவிட்டு வருவாள். "சுத்தமா போயிருக்கு. ஓரம் பிசிறு இல்ல." அவள் இப்படி உற்சாகமாக இருந்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை. மாமா போன பிறகு இதுதான் முதல் தடவை என்றுகூடச் சொல்வேன்.

"எதுல நிக்குதுன்னு பாக்கணும்டா" என்றாள்.

ரூமுக்குள் சோல் தோல் ஒரு துண்டு கிடந்தது. செருப்புக்கு அடியில் வைப்பது, உருளையில் அழுத்திக் கெட்டியாக்கியது, தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். மோட்டாருக்கு அடியில் வைக்க யாரோ எப்போதோ கொண்டுவந்தது. அதைச் சிமெண்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"தூரம் கம்மி பண்ணு. பத்தடி வா."

பத்தடிக்கு வந்தேன். அவள் எனக்கு இடது பக்கம், ஓர் அடி முன்னால் நின்றாள். பார்க்கிறதற்காகக் குனிந்தாள். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. நான் குறி பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று துப்பாக்கி, ஒன்று தோலில் பட்டது. அதற்குப் பிறகு அக்கா "ம்" என்றாள். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. திரும்பினால் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். விரலுக்கு நடுவில் ரத்தம் வந்தது.

சோல் தோலில் ஓட்டையே இல்லை. ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். அக்காவிடம் ஓடாமல் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதை நினைத்தால் இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

"வண்டிய எடுடா" என்றாள் அவள்.

துண்டை இடது கண்ணில் அழுத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். டோல்கேட் வந்ததும் நான் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றுவிட்டேன். பைக்குக்கு ஓரத்தில் தனி வழி இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். லாரியில் கிளீனராக அந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருக்கிறேன்.

"இன்னாடா நிக்கிற?" என்றாள் அக்கா.

வண்டியை ஓரத்து வழிக்குத் திருப்பினேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. பார்த்த டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வெகு நேரம் விளக்கு அடித்துப் பார்த்தார். "ரவை உள்ள போகல. பட்டுட்டுக் கீழ விழுந்திருக்கு. ஆனா அடி பலமா பட்டிருக்கு, கண்ணுக்குள்ள ரத்தம் தேங்கியிருக்கு" என்றார். தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேலைக்கு எப்பம்மா போலாம்?"

"என்ன வேலை?"

"தோல் பாக்கற வேலை."

டாக்டர் விளக்கை அணைத்தார். "ரத்தம் வடியட்டும். அப்புறம் சொல்றேன்" என்றார்.

துப்பாக்கி என்று சொன்னதால் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"நீதான் சுட்டியா?"

"ஆமாங்க சார்."

"யாரை?"

"எங்க அக்காவை."

என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் காதில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

"சார், அவனை வுடுங்க" என்றாள் அக்கா, ஒரு கண்ணில் கட்டோடு. "நான்தான் சுடச் சொன்னேன். பத்தடிக்கு வாடான்னு சொன்னதும் நான்தான். அவனுக்கு இன்னா தெரியும், எட்டாவதுகூட பாஸ் பண்ணல."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடை ரசீதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள். நான் சமைத்தேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. இரண்டு தடவை என் பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். சொட்டு மருந்துக்கு நேரம் வந்துவிடும், எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். நிலத்துப் பக்கம் யாரும் போகவில்லை. எலி தின்றது போக மீதியை எலியே தின்றது.

ஐந்தாவது வாரம் டாக்டர் கட்டு வேண்டாம் என்றார். ரத்தம் வடிந்துவிட்டது, ஆனால் உள்ளே பின்பக்கத்தில் தழும்பு விழுந்திருக்கிறது, நேராகப் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும் என்றார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறியதும் வாசலில் உட்கார்ந்தாள். "அந்த வெட்டுத்தோல் சாக்குலேர்ந்து ஒரு துண்டு எடுத்துக் குடு. எதுன்னு நான் பாக்க மாட்டேன்."

கொடுத்தேன். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். தோலை மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனாள், தள்ளி வைத்தாள், வெயிலுக்குச் சாய்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள்.

நடுவிலேயே உண்ணி கடித்த தழும்பு இருந்தது, மிளகு அளவுக்கு. எனக்கே தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் கம்பெனியில் வேறு யாராவது சொல்வார்கள்.

"க்கா, நடுவுல இருக்கு."

"எங்க?"

அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். தடவிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு வலது கண்ணால் பார்த்தாள். "இது ஒண்ணு. இதோ, இங்க ஒண்ணு. ஓரத்துல நரம்பு ஓடுது. இதெல்லாம் நீ பாக்கல" என்றாள். சாக்கிலிருந்த துண்டுகளை எல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்தாள். எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆனது, கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கம்பெனி லைனில் அவ்வளவு நேரம் கொடுக்க மாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பஸ் ஏறினாள். சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்தேன். இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடக்கத் தொடங்கிய பிறகு சொன்னாள்.

"காலையிலயே இன்சார்ஜ்கிட்ட நானே சொல்லிட்டேன். மறைச்சு வெச்சு நாளைக்கு என் மேஜையிலேர்ந்து கெட்ட தோல் போச்சுன்னா அசிங்கம்."

"வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. லைனிங்குக்கு மாத்திட்டாங்க. ஷூவுக்கு உள்பக்கம் வர்ற தோல். அதைப் பாக்க ஒரு கண்ணே ஜாஸ்தி." கொஞ்ச தூரம் நடந்தாள். "உள்ள இருக்கற தழும்ப எவன் பாக்கப்போறான்."

ரோட்டில் பள்ளம் இருக்கிறதா என்று தெரியாமல் அவள் இடது பக்கம் கை நீட்டி என்னைத் தேடினாள். நான் அந்தப் பக்கம் மாறிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம்தான் நடக்கிறேன்.