டார்ச்காரர்

ரிப்பேருக்குக் கடைக்கு வந்த டிவியை மேசையில் நிமிர்த்திக் கரண்ட் கொடுப்பார். சத்தம் மட்டும் வரும். கறுத்துக் கிடக்கும் திரையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், வெளிச்ச வட்டத்துக்குள் மங்கலாக ஒரு முகம் வாயசைக்கும். “பாத்தீங்களா, படம் உள்ளதான் ஓடுது. பின்னால விளக்குதான் போச்சு.” டிவியே செத்துவிட்டது என்று தூக்கி வந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வரும். தெருவில் அவருக்குப் பேரே டார்ச்காரர்தான்.

மெல்லிய கண்ணாடிப் பேனலைக் கழற்றும்போது யாராவது தும்மினால் முறைப்பார். பின்விளக்கில் கெட்டது ஒரே எல்இடி பல்பு என்றாலும், அது பதித்திருக்கும் நீளமான ஸ்ட்ரிப்போடு மற்ற ஸ்ட்ரிப்களையும் மாற்றியாக வேண்டும் அவருக்கு. “ஒண்ணை மட்டும் மாத்தினா அது பளிச்சுன்னு நிக்கும், மத்ததெல்லாம் அழுது வடியும். நீங்களும் உங்க மாமியாரும் சேந்து நின்ன மாதிரி” என்றார் ஒருமுறை, டிவி கொண்டுவந்த பெண்ணிடம்.

“இதுல நான் எதுண்ணே?”

“அதை வேற என் வாயால சொல்லணுமா?”

இவ்வளவு பேசுகிறவர் வீட்டு டிவி எட்டு மாதமாக இருட்டு. மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். “ஊரு டிவியெல்லாம் எரியுது, நம்ம வீட்டுக்கு மட்டும் விடியல. சரி பண்ணுங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்த வாரமே ஸ்ட்ரிப் வாங்கிவிட்டார். பேப்பர் சுற்றி, கடை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாட்டிய பிறகும் அவள் வராமல் போனால்? அதை நினைத்தால் கை ஓடுவதில்லை. சாயங்காலம் டார்ச்சைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் விட்டுப்போன தொடரை வட்டம் வட்டமாகப் பார்க்கிறார்.

இன்று கடை சாத்தும் நேரத்தில் போனில் கேட்டாள். “டிவி என்னாச்சுங்க?”

“இன்னும் ஸ்ட்ரிப் வரல.”

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. “நீ வாடின்னு ஒரு வார்த்தை இன்னும் வரல உங்க வாயில.”

“பேத்தி தவழுறாளா?”

“தவழுறா, தவழுறா. வைக்கிறேன்.”

இழுப்பறையைத் திறந்து பேப்பரைப் பிரித்தார். டெஸ்டரை வைத்தார், எல்இடிகள் ஒன்று விடாமல் எரிந்தன. மறுபடி சுற்றிச் சாப்பாட்டுப் பையில் செருகினார். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வழக்கம்போல் பைக்குள் போட்டிருந்த டார்ச்சை எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார்.