கடற்படை அமைச்சரின் விளக்கு

"கடற்படை அமைச்சர், குடியரசின் கடல்களைக் காக்கும் தீரர்" என்று லிஸ்பன் அரசிதழ் எலெயுத்தேரியோ ஃப்ராகோஸோவை வர்ணித்தது. வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். தேஜோ ஆற்றைக் கடக்கும் படகிலேயே வாந்தி எடுப்பார். மந்திரிசபைகள் சளைக்காமல் கவிழ்ந்ததில் கட்சியில் ஆள் தீர்ந்துபோய், முறை இவர்வரை வந்திருந்தது.

பதவியை அவர் ஏற்றது ஒன்றுக்காகத்தான். ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. இருட்டில் திரும்பும் படகுகள் அதில் மோதி உடையும். மனைவி தெயோலிந்தாவின் அண்ணன் செஃபெரீனோவின் படகுக்கும் அதுதான் வழி. ரயிலேற்றிவிட வந்தபோது அவன் சொல்லியிருந்தான்: "மாப்ளே, போர்க்கப்பலெல்லாம் நீயே வச்சுக்க. நமக்கு ஒரு கலங்கரை விளக்கு போதும். அதுக்கும் வக்கில்லேன்னா என் தங்கச்சி கையால உனக்கு மீன் சூப்பு கிடையாது, ஆமா!"

எலெயுத்தேரியோ வந்ததும் வராததுமாக உத்தரவில் கையெழுத்திட்டார். நிதியமைச்சரும் கையெழுத்திட வேண்டும். அவர் ராஜினாமா செய்திருந்தார். அடுத்தவர் பேனாவை எடுக்குமுன் ராஜினாமா செய்தார். அதற்கடுத்தவர் வியாழக்கிழமை மதியம் வருவதாக இருந்தது.

வியாழன் காலை தேஜோ ஆற்றில் நின்ற போர்க்கப்பல்கள் முழங்கின. புது மந்திரிக்குச் சேரவேண்டிய பீரங்கி மரியாதை இன்னும் பாக்கி. அதுதான் என்று எலெயுத்தேரியோ ஜன்னலைத் திறந்து தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

"ஐயா, கீழ குனியுங்க!" என்றார் காரியதரிசி பர்ரெய்ரோஸ். "மரியாதைக் குண்டு வெறும் சத்தம்தான். இது எதிர்க் கட்டடத்துச் சுவரையே பேத்துடுச்சு."

"யாரோட கப்பல்?"

"உங்களோடதுதான்."

மதியத்துக்குள் அரசு போயிற்று. கவிழ்த்தவரைக் கவிழ்ந்தவர் கட்டித் தழுவி நாற்காலியை ஒப்படைப்பது அங்கே வழக்கம். எலெயுத்தேரியோ தழுவியபடியே கெஞ்சினார்: "மேஜைமேல ஒரு காகிதம் இருக்கு. எங்க ஊர் விளக்கு. அதை மட்டும் பாத்துக்குங்க."

புதியவர் முதுகில் தட்டினார். "விளக்குதானே, தோழரே? முதல்ல நாட்டுக்கு வெளிச்சம் வரட்டும்."

அவர் ஊர் திரும்பிய அந்த டிசம்பரில் செஃபெரீனோவின் படகு திட்டில் மோதியது. பலகைகள் மட்டும் கரை சேர்ந்தன.  தெயோலிந்தா வழக்கம்போல் மீன் சூப்பை ஊற்றி வைத்தாள். அவர்தான் கரண்டியைத் தொடவில்லை.

அவர் காலமானபோது செய்தித்தாள், 'நம் கடற்கரைக்கு ஒளி தந்த ராஜதந்திரி' என்று எழுதியது. அவர் செய்தது இதுதான்: மருந்துக்கடை மாடி ஜன்னலில் அந்திதோறும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்தார். நடுவில் மாதா கோயில் இருந்ததால் கடலிலிருந்து அது தெரியாது.