கேட்பவருக்கு முந்நூறு ரூபாய்

கல்யாணத்தை லைவில் விடுகிறோம், ஒலி போட வா என்று யாராவது கூப்பிட்டால் கூலியை மூன்றாகப் பிரித்துச் சொல்வேன். மண்டபத்துக்குள் கேட்கிற ஒலிக்கு ஆயிரத்து ஐந்நூறு. இணையத்தில் போகிற ஒலிக்குத் தனியாக ஆயிரம். அப்புறம், வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பவருக்கு முந்நூறு. முதல் இரண்டில் பேரம் பேசுவார்கள். மூன்றாவதைச் சொன்னதும் சிரிப்பார்கள். போனில் கல்யாணம் கேட்பதற்குக்கூடக் கூலியா என்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அந்த முந்நூறில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு மைக்செட் கடையில் சேர்ந்தேன். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்ட நாளுக்கு முப்பது ரூபாய், இரண்டு வேளை சாப்பாடு. பத்து வருஷம் கழித்து ஒரு மெல்லிசைக் குழுவில் மிக்சர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எல்லா மைக்கின் சத்தமும் அந்தப் பலகைக்கு வரும். கூட்டிக் குறைத்துச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது என் வேலை. ஒரு கச்சேரிக்கு நானூறு கொடுத்தார்கள். அதையும் தலைவர் சிரித்த முகத்தோடு கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

லைவ் வந்தபோது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடியோக்காரர் லைவுக்கென்று கல்யாண வீட்டில் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, “ஒரு ஒயர் குடுங்க, போதும்” என்பார். ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தையே ஒயர் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்கும் கொடுப்பேன். ஒயருக்கு எதற்குத் தனிக் காசு என்பது அவர் கட்சி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என் கட்சி.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். அவர் கணவர் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். மகள் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லை.

“படம் முன்னபின்ன இருந்தா பரவால்லண்ணே. தாலி கட்டற மேளம் மட்டும் அவரு காதுல உழணும். அது போதும்னு சொல்லிக்கினு கீறாரு.”

அதற்கென்னம்மா, பார்த்துக்கொள்கிறேன் என்று வாயளவில் சொல்லி அனுப்பினேன். ஆனால் ராத்திரி வீடு வந்தும் மனசு கேட்கவில்லை. நான் அனுப்புகிற சத்தம் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அதுவரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மனைவியிடம், நாளைக்குக் காலையில் போனில் லைவைப் போட்டுக் கேட்டுச் சொல் என்றேன். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மதியத்துக்குள் இரண்டு ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டு கேட்க முடியாதே என்று முணுமுணுத்தாள். அப்புறம் சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவள் கேட்டது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் கிண்டல் செய்வேன். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்றுக்கு அப்போது கூலி நூற்றைம்பது. அவள் தைக்காமல் விட்ட அந்த இரண்டு ஜாக்கெட்தான் என் முந்நூறு ரூபாய்க் கணக்கு.

காலையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பெண் கூறைப்புடவை மாற்றப் போயிருந்தாள். மனைவியின் போன் வந்தது. மண்டபத்துக்குள் ஒன்றும் கேட்காமல் சமையல்கட்டுப் பக்கம் ஓடினேன்.

“ஏங்க, மேளமே கேக்கலங்க. ஐயரு மட்டும் காட்டுல தனியா உக்காந்து மந்திரம் சொல்ற மாதிரி கீது.”

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அந்த மண்டபத்தில் யாரும் மைக் வைப்பதில்லை. வைத்தால் காது கிழியும். மைக் இல்லாவிட்டால் அந்தச் சத்தம் என் பலகைக்கு வராது, பலகைக்கு வராதது ஒயரில் போகாது. எங்கள் காதெல்லாம் மேளம் நிரம்பிக் கிடந்ததால், லைவில் அது இல்லை என்பது மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

என் பலகையில் இன்னொரு வழி உண்டு. அதில் விடுகிற சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாது. ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினால் மேளத்தை லைவுக்கு மட்டும் அனுப்பலாம். கையை வைத்ததும் வீடியோக்காரர் பாய்ந்து வந்து தடுத்தார். ஓடுகிற லைவைத் தொடாதே, கட்டானால் தன் காசுதான் போகும் என்று கத்தினார். போனால் போகட்டும் என்று பிடுங்கி மாற்றிவிட்டேன். இரண்டு மைக்கோடு மேடைக்குப் போனால் நாதஸ்வரக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வாசிப்புக்கு மைக்கா என்று முறைத்தார். பெண்ணின் அப்பா குவைத்தில் காத்திருக்கிறார் என்றேன். வாத்தியத்தோடு மைக்கின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

இங்கே நடப்பது லைவில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் பின்தங்கித்தான் போகும். பலகையில் ஒன்றைத் திருப்பிவிட்டு, மறுபடி சமையல்கட்டுக்கு ஓடி, போனில் மனைவி வாயைத் திறக்கும்வரை நிற்க வேண்டும். தவில் இடி மாதிரி விழுகிறது என்றாள். குறைத்தேன். ஐயர் குரல் அமுங்கிவிட்டது என்றாள். ஏற்றினேன். பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப நல்லா கீதுங்க. இனிமே கை வெக்காதீங்க.”

ஓடிவந்து பலகைக்கு முன்னால் நின்றேன். கெட்டி மேளம் முழங்கியது. தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். மேளம் தணிந்தது, பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்தது. பெண்ணின் அம்மா மேடையின் ஓரத்தில், என் பலகைக்கு நேர் மேலே, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கணவர் ஒரு போனில் லைவைப் பார்த்துக்கொண்டு, கூட இருந்தவரின் போனில் இவரோடு பேசிக்கொண்டிருந்தார் போல. அந்த அம்மா, “கட்டியாச்சுங்க” என்றார். சட்டென்று குனிந்து போனை என் காதில் வைத்தார்.

நான் அனுப்பிய கெட்டி மேளம் குவைத்திலிருந்து என் காதுக்குத் திரும்பி வந்தது. நாதஸ்வரம் தனியாக, தவில் தனியாக, நடுவில் ஐயர் குரல். அதற்கும் மேலே அழுகையோடு ஒரு மனிதர்.

“இரு, இரு. இப்பதான் கட்டறாங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். தாலியோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தபடி, அந்த ஒரு நிமிஷத்தைக் கணவர் பார்த்து முடிக்கட்டும் என்று அந்த அம்மா பேசாமல் நின்றார்.