சாப்பிட்டதும் ஒரு டீ

தெருவில் அவருக்குப் பெயர் வெல்டர். போன மாதம் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் "வெல்டர் போயிட்டாரு" என்றுதான் சொன்னார்கள். உண்மையில் அவர் பட்டறையில் நின்றதைவிட அடுப்படியில் நின்ற காலமே அதிகம்.

தீப்பொறியைப் பார்த்துப் பார்த்து ஒரு கட்டத்தில் கண் மக்கர் செய்தது. பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அதன்பிறகு குடும்பம் மனைவியின் சம்பளத்தில் ஓடியது. அவளுக்கு நூல் ஆலையில் வேலை. சில மாதங்களில் அவளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு. மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏறிவிட்டது என்று மூன்று மாதத்துக்குள் சீட்டு வாங்கி வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று ஆலையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"கறியும் பழமுமா வாங்கித் தின்ன நம்மால ஆகுமா?" என்றாள் அவள்.

"அலமாரியில இருக்கறத வச்சுப் பாத்துக்கலாம். நீ படு."

அலமாரியில் அரிசி, பருப்பு, காராமணி, கொண்டைக்கடலை, ஒரு கூடை வெங்காயம். அவருக்கு அதுவரை போடத் தெரிந்தது டீ மட்டும்.

இரும்பிடம் நடந்துகொள்வதுபோலவே காராமணியிடமும் நடந்துகொண்டார். தீயை முழுக்கத் திறந்துவிட்டார். உப்பையும் தக்காளியையும் எடுத்த எடுப்பிலேயே கொட்டினார். அடி பிடித்தது, காராமணி வேகவில்லை. அக்காவைப் பார்க்க வந்த கொழுந்தியாள் ஒரு வாய் வைத்தாள்.

"மாமா, இத சிமெண்டோட கலந்தா தளமே போடலாம்."

"உனக்குப் பல்லு வீக்கு."

"எனக்கா? அக்கா, நீயே சொல்லு."

அக்கா இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

கொழுந்தியாள்தான் கற்றுக்கொடுத்தாள். முந்தின நாளே ஊறப்போட வேண்டும், தீ அடங்கி எரிய வேண்டும், புளிப்பெல்லாம் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். வெல்டர் பிடித்துக்கொண்டார். வெந்த கடலையில் பாதியை மசித்து, அந்தக் கெட்டியிலேயே குழம்பு வைத்தார். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே கீரையைப் போட்டார். பிள்ளைகள் தாமாகவே மறுபடி தட்டை நீட்டினார்கள்.

சாப்பிட்டதும் கெட்டியாக ஒரு டீ. கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். அந்த டம்ளர் காலியாகும்வரைதான் இருவரும் உட்கார்ந்து பேசுவது. அவளுக்குத் தெம்பு வேண்டுமே என்று இப்போது தூளை இன்னும் தாராளமாகப் போட்டார்.

இரண்டாம் மாதம் ரத்தம் பார்த்தார்கள். ஏறவே இல்லை.

"என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டாள் நர்ஸ். அவர் சொன்னார்.

"நல்ல சாப்பாடுதான். மாத்திரை?"

"சாப்பிட்டதும் டீ போட்டு, அதோட நானே கையில குடுத்துடுவேன் சிஸ்டர்."

நர்ஸ் பேனாவை வைத்தாள். "அங்கதான் தப்பு. பயறுல இருக்கற இரும்புச்சத்து, மாத்திரையில இருக்கறது, ரெண்டையுமே டீ உடம்புல சரியா சேரவிடாதுங்க. சாப்பாட்டுல எலுமிச்சம்பழம் பிழிங்க. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மருந்துச் சீட்டை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார்.

"விஷமா குடுத்தீங்க? டீதானே," என்றாள் மனைவி.

"என் கையால போட்டுக் குடுத்தேனே."

"அதனாலதான் நானும் விடாம குடிச்சேன்."

அன்று சாப்பாடு முடிந்ததும் பழக்கத்தில் கால் அடுப்பை நோக்கிப் போனது. நின்றார். டீயோடு பேச்சும் போய்விடுமோ என்று பயம். ஒரு தட்டில் பருப்பைக் கொட்டி எடுத்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"கல்லு பொறுக்கிக் குடு. என் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அவள் பொறுக்கினாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். தினமும் அப்படியே ஆனது. கடலையில் எலுமிச்சை பிழிந்தார், மாத்திரைக்கு வெறும் தண்ணீர் கொடுத்தார். தவணை முடிவதற்குள் நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆலைக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளை உள்ளே விட்டார்கள்.

வேலை முடிந்து வந்தவள் நேராக அடுப்படிக்குள் நுழைந்தாள். "தள்ளுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

"கை கால் கழுவிட்டு உக்காரு. காராமணி வெந்துக்கிட்டு இருக்கு."

அவர் விலகவில்லை. அவர் இருந்தவரை அந்த அடுப்படி அவள் கைக்குத் திரும்பவே இல்லை.